செகண்டு சாரும் நாலு நிமிஷப் பக்கமும்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையில், மனிதர்களின் பொறுமையை நொடிக்கணக்கில் அளந்து சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். நாங்கள் அவரை செகண்டு சார் என்று கூப்பிட்டோம். வீட்டில் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். மூன்று வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தும் அந்தப் பெயர் எனக்கு ஒருநாளும் சட்டென்று வாயில் வந்ததில்லை. என்னைப் பற்றி இந்தப் பக்கத்தில் வரப்போகிற வெட்கக்கேடுகளில் இது சின்னது. பெரியது பின்னால் வருகிறது.

இரண்டாயிரத்தின் முதல் சில வருஷங்கள். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. வெப்சைட் செய்து கொடுப்போம். முதலாளியையும் சேர்த்து ஐந்து பேர். கல்யாண மண்டபம், டிராவல்ஸ், பர்னிச்சர் கடை, நர்சரி ஸ்கூல் என்று, "நமக்கும் ஒண்ணு இருக்கட்டுமே" என நினைத்தவர்கள் எல்லாரும் எங்கள் வாடிக்கையாளர்கள். நான் டிசைனர். திரையில் எது எங்கே இருக்க வேண்டும், எது மினுக்க வேண்டும், எது சுழல வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள். அந்தக் காலத்தில் ஏதாவது ஒன்று சுழன்றே ஆக வேண்டும்.

ஒருநாள் காலை பதினொரு மணிக்கு ஒருவர் படியேறி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு வைத்த பேன்ட், கழுத்தில் விளையாட்டு வாத்தியார் போல ஒரு ஸ்டாப்வாட்ச்.

"அந்தக் கல்யாண மண்டபம் வெப்சைட் பண்ணது யாரு?"

பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன்.

"தொண்ணூத்தி நாலு செகண்டு" என்றார்.

"என்னது சார்?"

"மண்டபத்தோட போன் நம்பர் கண்ணுல படறதுக்கு. என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கறோம். நாலு தடவை திறந்தேன். குறைஞ்சது தொண்ணூத்தி நாலு, அதிகம் நூத்தி இருபது. நடுவுல ஒரு தடவை லைன் கட்டாயிடுச்சு, அதை நான் கணக்குல சேர்க்கல. மேல ஒரு குத்துவிளக்கு ஆடி ஆடி எரியுதே, அது யார் வேலை?"

அந்தக் குத்துவிளக்கு என் மூன்று நாள் உழைப்பு. நான் மெல்ல உட்கார்ந்தேன்.

இன்றைக்கு இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அப்போது வீட்டில் இன்டர்நெட் என்றால் டெலிபோன் லைன். மோடம் என்ற பெட்டி எண்ணைச் சுழற்றும், கீச்சென்று கத்தும், கனைக்கும், பிறகு ஒருவழியாக இணையும். இணைந்திருக்கும் வரை வீட்டுக்கு யாரும் போன் செய்ய முடியாது. ஜனங்கள் கடிதத்தை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, இணைத்து, அனுப்பி, உடனே துண்டிப்பார்கள். ஒரு படம் வருகிறது என்றால், மேலிருந்து கீழே யாரோ சுவருக்கு வெள்ளையடிப்பது போல ஒவ்வொரு பட்டையாக வரும்.

வந்தவர் அதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் டைம் ஸ்டடி பிரிவில் இருந்தவர். தொழிலாளிக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு போல்ட்டை முடுக்க எத்தனை செகண்டு, ஒரு பாகத்தைத் திருப்பி வைக்க எத்தனை செகண்டு என்று குறித்துக்கொள்ளும் வேலை. பதினெட்டு வருஷம் அதைச் செய்தார். பதினெட்டு வருஷமும் கேன்டீனில் அவர் மேஜையில் வேறு யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. ஆள் குறைப்பு வந்தபோது, முதலில் போகச் சொன்னது அவரை. அவருக்கு எத்தனை செகண்டு ஆகிறது என்று அளக்க அங்கே ஆள் இல்லை.

எங்கள் முதலாளி அவரை நிற்க வைத்தே பத்து நிமிஷம் பேசிவிட்டு, "நாளையிலிருந்து வந்துடறீங்களா சார்?" என்று கேட்டார். "எங்ககிட்ட டெஸ்டிங் டிபார்ட்மென்ட் இருக்கு" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்ள அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. மறுநாள் முதல் டிபார்ட்மென்ட் வந்தது: செகண்டு சார், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நீளமான நோட்டு.

அவர் ரிப்போர்ட் எழுதுகிற விதமே தனி. ஆபீசில் பார்ப்பதை அவர் நம்ப மாட்டார். சிட்லபாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போய், வீட்டு லைனில் திறந்து பார்த்துத்தான் எழுதுவார். "முதல் எழுத்து தெரிந்தது: 11. மெனு தெரிந்தது: 26. படம் முழுசாக வந்தது: 70. இதற்குள் என் மனைவி 'இன்னும் ஆகலையா' என்று கேட்டது: இரண்டு முறை." அந்தக் கடைசி வரி எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கும். மூன்று முறை கேட்டுவிட்டால் பக்கம் ஃபெயில். எட்டு செகண்டுக்குள் ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மனுஷன் எழுந்து போய்விடுவான் என்பது அவர் கொள்கை.

அந்த வீட்டில் அந்த அம்மா பட்ட பாடு தனிக்கதை. அவருடைய தம்பி சேலையூரில் இருந்தார். தம்பி மனைவிக்குக் குழந்தை பிறந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். இரண்டு மணி நேரம் எங்கேஜ்டு. கடைசியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரிலேயே வந்து கதவைத் தட்டினார். நம் சார் கதவைத் திறந்து, ஒரு விரலை உயர்த்தி, "ஒரு நிமிஷம் மாப்ள, படம் பாதி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அது செகண்டில் எவ்வளவு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

மேற்குத் தாம்பரத்தில் பர்னிச்சர் கடை வைத்திருந்த பாய் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். முதல் பக்கம் முழுக்கத் தன் போட்டோ இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நான் போட்டுக் கொடுத்துவிட்டேன். செகண்டு சார் அவரை ஆபீசுக்கு வரவழைத்து, டெலிபோன் லைனில் திறந்து, பக்கத்தில் உட்கார வைத்தார். முதலில் கடைச் சுவர் வந்தது. பிறகு தொப்பி. பிறகு நெற்றி. அங்கே நின்றுவிட்டது.

"இன்னா சார், நெத்தியிலயே நின்னுகினு கீது?"

"இருங்க பாய். புருவம் வருது."

"மீசை எப்ப வரும்?"

"முப்பத்தி ஒண்ணாவது செகண்டுல ஆரம்பிக்கும். முப்பத்தி ஆறுல முடியும்."

பாய் தன் முகம் முழுசாக வரும்வரை காத்திருந்தார். வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். "அதுக்குள்ள கஸ்டமர் எயுந்து பக்கத்துக் கடைக்குப் போயிடுவான். என் மூஞ்சியத் தூக்கிட்டு ஸ்டாம்பு சைஸ்ல எங்கியாவது ஒட்டு. கட்டிலக் காட்டு. வாங்கறவன் கட்டில்ல தானே படுக்கப் போறான்" என்றார்.

இப்படி மூன்று வருஷத்தில் அந்த வட்டாரத்து வெப்சைட்களிலிருந்து எத்தனையோ குத்துவிளக்குகளையும் மீசைகளையும் அவர் இறக்கி வைத்தார். நான் எரிச்சல்பட்டேன். ஆனால் நாங்கள் செய்த பக்கங்கள் சட்டென்று திறந்தன. ஜனங்கள் போன் செய்தார்கள். மண்டபங்கள் நிரம்பின.

அப்புறம் பிராட்பேண்ட் வந்தது.

எங்கள் ஆபீசுக்கு நாலு விளக்கு எரிகிற ஒரு சின்னப் பெட்டி வந்து சேர்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. செகண்டு சார் அந்தக் கல்யாண மண்டபப் பக்கத்தைத் திறந்தார். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார். அழுத்திய விரலை எடுப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. மூடினார். திறந்தார். எட்டு தடவை. "கை ரெடியாகறதுக்குள்ள வந்துடுதுப்பா" என்று சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எந்த நாட்டிலோ பனியில் ரயில் போகிற வீடியோ ஒன்றைப் போடச் சொல்லி, சாப்பாட்டு இடைவேளை முழுக்க அதையே பார்த்தார். வேகம் வந்ததும் அந்த ஆள் எரிந்து விழுந்தார் என்று பிற்பாடு எங்கள் முதலாளி ஊரெல்லாம் சொன்னார். பொய். அன்று மாலையே போய்த் தன் வீட்டுக்கும் விண்ணப்பம் கொடுத்தவர் அவர். "உங்க தெருவுக்கு இப்ப லைன் இல்ல சார். அடுத்த தெரு வரைக்கும்தான் வந்திருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஒரு தெரு வித்தியாசம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. எங்கள் முதலாளி வீட்டில் பிராட்பேண்ட் இருந்தது. பெரிய வாடிக்கையாளர்கள் வீட்டிலெல்லாம் இருந்தது. முன்பு பேங்குக்குப் போவது போல, ஒரு காரியத்தோடு இன்டர்நெட்டுக்குப் போய், முடித்துவிட்டுத் திரும்பியவர்கள், இப்போது பீச்சுக்குப் போவது போலப் போனார்கள். அணைப்பதே இல்லை. பாட்டுக் கேட்டார்கள், வீடியோ பார்த்தார்கள், சும்மா சுற்றினார்கள். சுற்றிவிட்டு எங்களிடம் வந்து, "நம்ம பக்கம் ரொம்ப டல்லா இருக்கு" என்றார்கள். பர்னிச்சர் பாயே வந்தார். "இப்பதான் ஸ்பீடு வந்துகீதே. கட்டிலச் சுத்த வுடு" என்றார்.

நான் சுற்ற விட்டேன். சோபா சுற்றியது, டைனிங் டேபிள் சுற்றியது, பின்னணியில் வீணை வாசித்தது. மூன்று வருஷமாகக் கட்டிப்போட்டிருந்த என் கையை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. செகண்டு சார் மட்டும் தினமும் வீட்டுக்குப் போய், அதே டெலிபோன் லைனில் பார்த்து, அதே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். இப்போது நிமிஷத்தில் எழுதினார். முதலாளி அதைத் திறந்தே பார்ப்பதில்லை. "சார் இன்னும் மாட்டு வண்டியிலயே வர்றாரு" என்பார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தனியார் கல்லூரி எங்களிடம் வந்தது. பெயர் வேண்டாம். தாளாளர் நேரிலேயே வந்து தன் கனவைச் சொன்னார். பக்கத்தைத் திறந்தால் முதலில் கல்லூரியின் இரும்புக் கேட் மெதுவாகத் திறக்க வேண்டும். நாதஸ்வரம் கேட்க வேண்டும். தூரத்திலிருந்து தாளாளர் வெள்ளை உடையில், கைகூப்பியபடி நடந்து வர வேண்டும். வந்து நின்று இரண்டு வார்த்தை பேச வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றது எல்லாம்.

செய்தேன். என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு சிரத்தையாகச் செய்த வேலை வேறு கிடையாது. எங்கள் ஆபீஸ் லைனில் போட்டுக் காட்டினோம். தாளாளர் தன்னைத்தானே ஐந்து தடவை வரவேற்றுக்கொண்டார். ஐந்தாவது தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருஷத்துலேர்ந்து அட்மிஷன் லிஸ்ட் நோட்டீஸ் போர்டுல கிடையாது. எல்லாம் ஆன்லைன்" என்று அங்கேயே அறிவித்துவிட்டார்.

மறுநாள் செகண்டு சார் ஒரு தாளை என்னிடம் கொடுத்தார். ரிப்போர்ட் முதலில் டிசைனரிடம்தான் வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். "தாளாளர் வந்து சேர ஆகும் நேரம்: 4 நிமிஷம் 40 செகண்டு. ஆறு தடவை பார்த்ததில் இரண்டு தடவை அவர் வருவதற்குள் லைன் கட். லிஸ்ட் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு இது ஆகாது. இதைத் தாண்டி நேராக உள்ளே போக ஒரு பட்டன் வைக்கவும்." மனைவி கேட்டது எத்தனை முறை என்ற இடத்தில், "எழுந்து போய்விட்டாள்" என்று எழுதியிருந்தார்.

நியாயமாகத்தான் பட்டது. மூலையில் ஒரு பட்டன் வைத்தேன். அவர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, "பன்னண்டு செகண்டுல லிஸ்ட் வருதுப்பா. போதும், இனிமே அவர் எவ்ளோ மெதுவா வேணா நடக்கட்டும்" என்றார்.

இரண்டு நாள் கழித்துத் தாளாளர் கண்ணில் அது பட்டுவிட்டது.

"இது என்னப்பா மூலையில?"

"அவசரமா வர்றவங்க நேரா உள்ள போறதுக்கு சார்."

"நான் நடந்து வர்றதைப் பார்க்காமலேயே உள்ள போவாங்களா?"

மேஜைக்கு அடியில் முதலாளி என் காலை மிதித்தார். "எடுத்துடறேன் சார்" என்றேன். எடுக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. செகண்டு சார் அப்போது டீ குடிக்கக் கீழே போயிருந்தார். வந்ததும் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சங்கடமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்தத் தாள் என் மேஜை டிராயரிலேயே கிடந்தது.

லிஸ்ட் ஒருநாள் மாலை ஐந்து மணிக்கு வெப்சைட்டில் ஏறியது. பெயர் வந்தவர்கள் மறுநாள் காலை பத்து மணிக்குள் சர்டிஃபிகேட்டோடு நேரில் வர வேண்டும். வராதவர்கள் இடம் அடுத்தவர்களுக்கு.

அந்த மறுநாள், பிற்பகல் மூன்று மணி இருக்கும். காக்கி யூனிஃபார்மோடு ஒரு பஸ் கண்டக்டரும், அவர் பின்னால் ஒரு பெண்ணும் மாடியேறி வந்தார்கள். வண்டலூரிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். பெண்ணின் பெயர் நித்யா. ப்ளஸ் டூ முடித்தவள்.

"காலேஜ் வெப்சைட் பண்ணது நீங்கதானுங்களா? அடியில உங்க பேரும் அட்ரஸும் போட்டிருந்தது. காலேஜ்ல கேட்டா, வெப்சைட்காரங்களைப் போய்க் கேளுங்கன்னுட்டாங்க."

"என்ன ஆச்சு?" என்று முதலாளி கேட்டார்.

"நேத்து சாயங்காலம் பாப்பா வூட்டுல லிஸ்ட் பார்க்க உட்கார்ந்துச்சு சார். கேட்டு பாதி திறக்குது, நிக்குது. லைன் கட்டாவுது. மறுபடி முதல்லேர்ந்து. ஏழு மணி வரைக்கும் பார்த்துட்டு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அங்க ஆறு கம்ப்யூட்டருக்கும் ஒரே லைனாம். ஆறு பேரும் இதையே திறந்துகினு இருந்தாங்க. யாருக்கும் திறக்கல. காலைல பத்து மணிக்கு சென்டர் திறந்ததும் மறுபடி போய்ப் பார்த்தா, பாப்பா பேரு இருக்கு. ஓடிப்போனோம். பன்னண்டு ஆயிடுச்சு. இடத்தை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க."

செகண்டு சார் நாற்காலியைத் திருப்பினார். "மூலையில ஒரு பட்டன் இருக்குமே, அதை அழுத்தலையாம்மா?"

"பட்டன் எதுவும் இல்ல சார்" என்றாள் அந்தப் பெண்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் கம்ப்யூட்டர் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அப்போது அணைந்திருந்தது.

அவர் எழுந்தார். டெஸ்டிங்குக்கு வைத்திருந்த பழைய மோடத்தை வயரோடு கழற்றி, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார். "வாங்க, காலேஜுக்குப் போகலாம்" என்றார் அவர்களிடம். முதலாளி "சார், சார்" என்றது மாடிப்படியோடு நின்றுவிட்டது. நானும் பின்னால் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. என்னைப் பற்றி என்ன சொல்லப் போகிறாரோ என்ற பயத்தில்தான் போனேன். வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை. பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் அந்தக் கண்டக்டர் பழக்கதோஷத்தில் பின்படிக்கட்டுப் பக்கமே நின்றுகொண்டு வந்தார்.

தாளாளர் அறை. அவர் முதலில் மரியாதையாகத்தான் பேசினார். "ஒரே ஒரு தடவை நீங்க பார்த்துடுங்க சார், அவ்ளோதான்" என்று செகண்டு சார் கேட்டதும், "தாராளமா" என்றார். சார் அந்த மேஜையிலிருந்த டெலிபோன் வயரைப் பிடுங்கி மோடத்தில் செருகி, மோடத்தைத் தாளாளரின் கம்ப்யூட்டரில் மாட்டினார். மோடம் கத்தியது, கனைத்தது, இணைந்தது. பக்கத்தைத் திறந்தார். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார்.

கேட் லேசாக அசைந்தது. நின்றது. "நாதஸ்வரம் எங்கே?" என்று தாளாளர் கேட்டார். "வந்துக்கிட்டிருக்கு சார்" என்றார் செகண்டு சார். கேட் இன்னும் ஒரு விரற்கடை திறந்தது. தாளாளர் பேப்பர் வெயிட்டை உருட்டினார். காலண்டரைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, வாசலில் நின்ற பியூனிடம் காப்பி சொல்வதற்காக எழுந்தார்.

ஸ்டாப்வாட்ச் டிக்கென்று நின்றது.

"ஐம்பத்தோரு செகண்டு" என்றார் செகண்டு சார். "உங்க காலேஜ், உங்க கேட்டு, வரப்போறதும் நீங்கதான். உங்களாலேயே ஐம்பத்தோரு செகண்டுக்கு மேல உட்கார முடியல சார். இந்தப் பொண்ணு நேத்து சாயங்காலம் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கு."

தாளாளர் முகம் மாறியது. காப்பி சொல்லாமலே திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "சரிங்க. தப்பு நடந்துபோச்சு. அந்த இடத்தை லிஸ்ட்ல அடுத்து இருந்த பொண்ணுக்குக் குடுத்தாச்சு. அதுவும் எங்கேர்ந்தோ ஓடி வந்த பொண்ணுதான். இப்ப அதைக் கூப்பிட்டு வெளியே போன்னு சொல்லவா? நீங்களே சொல்லுங்க."

செகண்டு சார் ஸ்டாப்வாட்ச்சை விரல்களுக்குள் மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்தான், "வேணாம் சார். வாப்பா, போலாம்" என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் வெளியே வரும்போது அந்தக் கம்ப்யூட்டரில் நாதஸ்வரம் ஆரம்பித்தது.

மறுநாள் தாளாளர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். தன் அறையில், தன் பியூன் எதிரில் அவமானப்பட்டதை அவரால் பொறுக்க முடியவில்லை. "இவ்ளோ லேட்டாகும்னு எங்களுக்கு யாருமே சொல்லலையே" என்றார். முதலாளி உடனே, "டெஸ்டிங் பொறுப்பு முழுக்க இவர்தான் சார்" என்று செகண்டு சாரைக் காட்டினார்.

சார் நோட்டைத் திறந்து காட்டினார். தேதி, நேரம், நாலு நிமிஷம் நாற்பது செகண்டு, எல்லாம் இருந்தது.

"இது நீங்களே உங்க நோட்டுல எழுதிக்கிட்டது. எழுதி என்ன பிரயோஜனம்? டிசைனர்கிட்ட ரிப்போர்ட் குடுத்தீங்களா?" என்று கேட்ட முதலாளி, என் பக்கம் திரும்பினார். "சார் உன்கிட்ட ஏதாவது ரிப்போர்ட் குடுத்தாராப்பா?"

தாள் என் முழங்காலுக்கு மேலே, டிராயரில் இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். எடுத்தால், பட்டனை வைத்தது நான், எடுத்தது நான், எடுக்கச் சொன்னது இன்னார், காலை மிதித்தது இன்னார் என்று எல்லாமே வெளியே வரும்.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

செகண்டு சார் சண்டை போடவில்லை. நோட்டை மூடி மேஜை மேல் வைத்தார். தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். படியிறங்கிப் போனார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் கல்லூரி ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். "இன்டர்நெட்டில் நம் கல்லூரிக் கதவைத் திறந்து வைத்த இளைஞர்" என்று மைக்கில் சொன்னார்கள். நான் கைகூப்பினேன். அந்தத் தாளாளர் மாதிரியே.

பிராட்பேண்ட் மெல்ல எல்லாத் தெருவுக்கும் வந்தது. வேகம் வந்தால் ஜனங்கள் நிதானமாக உட்கார்ந்து என் கேட் திறப்பதையும் சோபா சுற்றுவதையும் ரசிப்பார்கள் என்று நான் நம்பியிருந்தேன். ஒருவரும் ரசிக்கவில்லை. நாலு நிமிஷம் காத்திருந்தவர்களுக்கு இப்போது நாலு செகண்டுகூடப் பொறுக்கவில்லை. நாதஸ்வரம் தொடங்குவதற்குள் மூடிவிட்டுப் போனார்கள். பாய் போன் செய்து, "கட்டில் சுத்தறதப் பாத்து எவனும் வாங்கல. நிறுத்திடு" என்றார். இரண்டு வருஷத்தில் தாளாளரே கூப்பிட்டு, "அந்த கேட்டு, நான் நடந்து வர்றது, எல்லாத்தையும் எடுத்துடுப்பா. யாரும் பார்க்கறதில்ல" என்றார். அரை நிமிஷத்தில் எடுத்தேன். அந்த அரை நிமிஷ வேலையை நான் நேரத்தோடு செய்திருந்தால் ஒரு பெண் காலேஜில் சேர்ந்திருப்பாள்.

அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராக சிட்லபாக்கம் போனேன். செகண்டு சார் வீட்டுக் கதவைத் திறந்த அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே போனார். சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ பழைய கிரிக்கெட் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தெருவுக்கும் பிராட்பேண்ட் வந்திருந்தது.

"உட்காருப்பா" என்றார். "லைன் அருமையா இருக்கு. ஒரு இடத்துலகூட நிக்கல."

குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருப்பதாகச் சொன்னார். அங்கே வருகிறவர்களிடம், "உங்களுக்கு இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் ஆகும், போய் டிபன் சாப்பிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவாராம். சரியாக இருபத்திரண்டாவது நிமிஷம் கூப்பிடுவாராம். வெறும் வயிற்றில் வரச்சொன்ன ஒருவரை அப்படி இட்லி சாப்பிட அனுப்பி, ஒரு தடவை பெரிய ரகளையாகிவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தப் பொண்ணு என்ன சார் ஆச்சு?"

"ஒரு வருஷம் வீட்டுல இருந்துச்சு. அடுத்த வருஷம் வேற காலேஜ், வேற கோர்ஸ். அவங்கப்பா பஸ்ல எப்பவாவது பார்ப்பேன். நல்லாத்தான் பேசுவாரு."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கிரிக்கெட்டை நிறுத்தினார்.

"நீ அந்தப் பேப்பரை எடுத்துக் குடுத்திருந்தா என் வேலை தப்பிச்சிருக்கும்னு நினைக்கிறியா? தப்பிச்சிருக்காது. என்னோட சேர்த்து உன்னையும் அனுப்பியிருப்பாங்க. அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நீ ஞாபகம் இல்லன்னு சொன்ன. அதை மட்டும் நான் எதிர்பார்க்கலப்பா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிச்சிடுங்க என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. உள்ளேயிருந்து அந்த அம்மா இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார். குடித்தோம். கிளம்பும்போது சார் கேட் வரை வந்து, "அடுத்த தடவை ஞாயித்துக்கிழமையா பார்த்து வா. எனக்கு அன்னிக்குத்தான் லீவு" என்றார்.

இன்றுவரை மாதத்தில் ஒரு ஞாயிறு போய்க்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிட்டதாக அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் போக ஒரு வாரம் தாமதமானால், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு அவரே போன் செய்துவிடுகிறார்.